லினக்ஸ்ல சவுண்டு அப்பப்ப கரகரங்குதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாட்டு நல்லா ஓடிட்டே இருக்கும், திடீர்னு ஒரு நொடி கரகரன்னு பிசிறடிக்கும், அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி திரும்ப சரியாயிடும். யார்கிட்டயாவது காட்டலாம்னு கூப்பிட்டா அந்த நேரம் பாத்து வரவே வராது. சுத்தமா சவுண்டே வரலன்னா கூட பரவால்ல, எங்க அறுந்துருக்குன்னு தேடிடலாம். அப்பப்ப வந்து போறதுதான் மனுஷன வதைக்கும். ஆனா இத்தன வருஷத்துல நான் பாத்த வரைக்கும் இந்த கரகரப்பு சும்மா வர்றதில்ல, அது வர்ற நேரத்துல மெஷின்ல கூடவே வேற ஏதோ ஒண்ணு நடக்குது. அந்த ஏதோ ஒண்ண கண்டுபிடிக்கிறதுதான் பாதி வேல. என்கிட்ட திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளுக்கு என் பதில் எல்லாத்தையும் இங்க ஒண்ணா எழுதி வச்சிருக்கேன். கமாண்டு பேரு, செட்டிங் பேரு எல்லாம் உச்சரிப்புல தமிழ்ல எழுதிருக்கேன், டெர்மினல்ல அடிக்கும்போது இங்கிலீஷ் எழுத்துல அடிச்சுக்கங்க.

எங்கேந்து ஆரம்பிக்கிறது?

காதுலேந்து. எந்த செட்டிங்கையும் தொடாதீங்க, என்ன மாதிரி சத்தம்னு மொதல்ல கவனிங்க. எல்லாரும் "சவுண்டு சரியில்ல"ன்னுதான் சொல்றாங்க, ஆனா அதுக்குள்ள நாலஞ்சு வேற வேற கோளாறு இருக்கு, ஒண்ணுக்கு உள்ள வைத்தியம் இன்னொண்ணுக்கு ஆகாது.

எண்ணெய் சட்டில கடுகு வெடிக்கிற மாதிரி படபடன்னு வந்தா அது பெரும்பாலும் பஃபர் (சவுண்டு டேட்டா காத்திருக்குற எடம்) காலியாகுற பிரச்சன. சத்தம் ஏறுற இடத்துல மட்டும், பாடுறவங்க உச்சஸ்தாயிக்கு போறப்ப இல்ல பேஸ் அடிக்கிறப்ப, கிழிஞ்ச மாதிரி தடிச்சு கேட்டா அது கிளிப்பிங், வால்யூம் சம்பந்தப்பட்டது. அர செகண்டு முழுசா காணாம போயி திரும்ப வந்தா ப்ளூடூத்தையோ யூஎஸ்பியையோ சந்தேகப்படுங்க. பாட்டு ஆரம்பிக்கும்போதும் நின்ன கொஞ்ச நேரத்துலயும் ஒரு 'டப்' வந்தா அது மின்சாரம் மிச்சம் பண்ற வேல. எதுவுமே ஓடாதப்ப கூட கொர்ர்னு இல்ல உய்ய்ங்னு பின்னாடி கேட்டுட்டே இருந்தா அது ஒயரு, எர்த்து, சார்ஜர் பக்கம், லினக்ஸுக்கும் அதுக்கும் சம்பந்தம் ரொம்ப கம்மி.

எப்ப வருதுன்னே தெரியல, நாள்ல ரெண்டு தடவ வருது, சில நாள் வரவே இல்ல. இத எப்படி பிடிக்கிறது?

ரெண்டு நாள் ஒரு பேப்பர்ல எழுதுங்க. மணி என்ன, என்ன ஆப் தெறந்துருந்துச்சு, சார்ஜர் போட்டிருந்தீங்களா, ஸ்பீக்கரா ஹெட்செட்டா, ஒயரா ப்ளூடூத்தா, பின்னாடி ஏதாவது டவுன்லோடு காப்பி அப்டேட் ஓடுச்சா. இத சொன்னா நெறைய பேரு செய்யுறதில்ல, நேரா போயி கண்ட கான்ஃபிக் ஃபைல தெறந்து நாலு செட்டிங்க ஒரே நேரத்துல மாத்திடுறாங்க, அப்புறம் எது வேல செஞ்சுச்சு எது கெடுத்துச்சுன்னே தெரியாது.

எனக்கு நடந்தத சொல்றேன். ப்ளூடூத் ஹெட்போன்ல சவுண்டு சில ராத்திரி மட்டும் விட்டு விட்டு வந்துச்சு. மூணு நாளா பைப்வயர் (சவுண்ட கார்டுக்கு அனுப்புற சாஃப்ட்வேர், கீழ சொல்றேன்) செட்டிங்க எல்லாம் மாத்தி மாத்தி பாத்தேன், ஒண்ணும் ஆகல. எழுதி வச்ச பேப்பர பாத்தப்பதான் தெரிஞ்சுது, வெளி ஹார்டு டிஸ்க்ல பேக்கப் எடுக்குற ராத்திரி மட்டும்தான் வருது. யூஎஸ்பி 3.0 கேபிளும் டிஸ்கும் வேல செய்யுறப்ப 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்துல ரேடியோ இரைச்சல கக்கும், ப்ளூடூத் ஓடுறதும் அதே 2.4-லதான். இத இன்டெல் 2012-லயே ஒரு வெள்ளையறிக்கையா போட்டிருக்காங்க. டிஸ்க லேப்டாப்போட அடுத்த பக்க போர்ட்ல மாத்தி, கொஞ்சம் நீளமான கேபிள்ல தள்ளி வச்சேன். அன்னிக்கோட நின்னுச்சு. ஒரு செட்டிங் கூட மாத்தல.

என் மெஷின்ல ஓடுறது பைப்வயரா பல்ஸ்ஆடியோவா? அல்சான்னும் சொல்றாங்களே?

அல்சாங்கறது கெர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) பக்கம், சவுண்டு கார்டோட நேரடியா பேசுற டிரைவர் எல்லாம் அதுலதான் இருக்கு, அது எல்லா லினக்ஸ்லயும் உண்டு. அதுக்கு மேல உக்காந்து பத்து ஆப்போட சவுண்ட ஒண்ணா கலந்து கார்டுக்கு அனுப்புறதுதான் பல்ஸ்ஆடியோ இல்ல பைப்வயர். பல்ஸ்ஆடியோ லெனார்ட் பாட்டரிங் ஆரம்பிச்சது, பைப்வயர் விம் டைமன்ஸ் எழுதுனது. ஃபெடோரா 2021-ல 34-ம் வெர்ஷன்ல பைப்வயருக்கு மாறிடுச்சு, உபுண்டு 22.10-லேந்து, லினக்ஸ் மின்ட் 22-லேந்து. அதனால நீங்க புதுசா போட்ட மெஷின்னா அனேகமா பைப்வயர்தான். டெர்மினல்ல 'பேக்டில் இன்ஃபோ'ன்னு (பி, ஏ, சி, டி, எல்) அடிச்சா சர்வர் பேருங்கற வரில தெரிஞ்சிரும். பல்ஸ்ஆடியோன்னு போட்டு பக்கத்துலயே பைப்வயர் மேலன்னு வந்துச்சுன்னா குழம்ப வேணாம், அது பைப்வயர்தான், பழைய ஆப்புகளுக்காக பல்ஸ்ஆடியோ வேஷம் போட்டிருக்கு.

இது தெரியாம வேல ஆரம்பிக்காதீங்க. பல்ஸ்ஆடியோவுக்கு எழுதுன 2012-ம் வருஷத்து வழிமுறைய பைப்வயர் மெஷின்ல செஞ்சு பாத்துட்டு "ஒண்ணும் மாறல"ன்னு சொல்ற ஆளுங்கள நான் வாரத்துக்கு ஒருத்தரயாவது பாக்குறேன். அந்த ஃபைல படிக்கவே அங்க ஆளில்ல, எப்படி மாறும்.

பஃபர் காலியாகுறதுன்னா என்ன? கொஞ்சம் புரியுற மாதிரி சொல்லுங்க.

வீட்டு மேல்தொட்டிய நெனச்சுக்கங்க. கீழ குழாய தெறந்தா ஒரே சீரா தண்ணி வரும், தொட்டில தண்ணி இருக்குற வரைக்கும். மோட்டார் விட்டு விட்டு ஓடினாலும் பரவால்ல, தொட்டி காலியாகுறதுக்கு முன்னாடி வந்து ரொப்பிட்டா போதும். ஒரு நாள் மோட்டார் போட லேட்டாச்சுன்னா குழாய் புஸ் புஸ்ஸுன்னு காத்தும் தண்ணியுமா துப்பும் பாருங்க, சவுண்டு கார்டும் அதேதான் செய்யுது. கார்டு குழாய், பஃபர் தொட்டி, ப்ராசசர்தான் மோட்டார். கார்டு செகண்டுக்கு 48000 சாம்பிள் எடுத்துக்கிட்டே இருக்கும், யாருக்காகவும் காத்திருக்காது. ப்ராசசர் வேற வேலைல மாட்டிக்கிட்டு ரொப்ப வர லேட்டானா அந்த இடத்துல ஓட்ட விழும், அதான் 'படக்'. இதுக்கு எக்ஸ்ரன்னு பேரு.

தொட்டி சின்னதா இருந்தா சீக்கிரம் காலியாகும், பெருசா இருந்தா தாங்கும், ஆனா பெரிய தொட்டில நீங்க ஊத்துன தண்ணி குழாய்க்கு வர லேட்டாகும். அதாவது லேட்டன்சி கூடும். பைப்வயர்ல இந்த தொட்டி அளவுக்கு குவாண்டம்னு பேரு, சாதாரணமா 1024 சாம்பிள், 48000 ஹெர்ட்ஸ்ல கணக்கு போட்டா 21 மில்லிசெகண்டு சொச்சம். 256-ன்னா 5 மில்லிசெகண்டுதான். 2048-ன்னா கிட்டத்தட்ட 43.

எக்ஸ்ரன்தான் நடக்குதுன்னு எப்படி உறுதி பண்றது?

பைப்வயர்னா 'பிடபிள்யூ-டாப்'னு ஒரு கமாண்டு இருக்கு, அத ஒரு டெர்மினல்ல ஓட விட்டுட்டு உங்க வேலைய பாருங்க. அதுல ஒவ்வொரு கார்டுக்கும் ஒவ்வொரு ஆப்புக்கும் ஒரு வரி வரும், 'இஆர்ஆர்'னு தலைப்பு போட்ட ஒரு வரிசை இருக்கும், காதுல கரகரப்பு கேட்ட அதே நேரம் அந்த நம்பர் ஏறுச்சுன்னா சந்தேகமே வேணாம், எக்ஸ்ரன்தான். பாட்டு ஆரம்பிக்கிறப்ப ஒண்ணு ரெண்டு ஏறுறத கண்டுக்காதீங்க. எந்த வரில ஏறுதுன்னும் பாருங்க. ஒரு ஆப்போட வரில மட்டும் ஏறினா அந்த ஆப்புதான் லேட்டு, கார்டு வரிலயே ஏறினா மெஷின் மொத்தமா இல்ல டிரைவர் பக்கம்.

கரகரப்பு நல்லா கேக்குது, நம்பர் அசையவே இல்லன்னா, குவாண்டம் பக்கம் போறது வீண். கிளிப்பிங், ப்ளூடூத், ஒயர் இந்த மூணுல ஒண்ணா இருக்கும், கீழ பாருங்க.

பாட்டு மட்டும் கேட்டா சூப்பரா இருக்கு, மீட்டிங்ல சேந்தா இல்ல கேம் தெறந்தா பாட்டும் சேந்து கரகரங்குது. ஏன்?

இந்த கேள்வி எனக்கு ரொம்ப பிடிக்கும், ஏன்னா "அப்பப்ப வருது"ங்கறதுக்கு பின்னாடி பாதி நேரம் இதுதான் இருக்கு. பைப்வயர்ல குவாண்டம் நெலையான நம்பர் கெடையாது. ஒவ்வொரு ஆப்பும் எனக்கு இவ்வளவு லேட்டன்சி போதும்னு கேக்கும், இருக்குறதுலயே சின்னத எது கேக்குதோ அதுக்கு தகுந்த மாதிரி மொத்தமும் எறங்கிடும். பாட்டு ஆப் பெரிய பஃபர்ல நிம்மதியா ஓடிட்டு இருக்கும், நீங்க மீட்டிங் தெறந்த உடனே அது 256 கேட்டுச்சுன்னா பாட்டும் 256-ல ஓடணும். பழைய லேப்டாப்பால அந்த வேகத்துக்கு ஈடு குடுக்க முடியலன்னா எல்லாமே பிசிறும். பிடபிள்யூ-டாப்ல 'குவான்ட்'னு இருக்குற வரிசைய பாத்தா கண்ணு முன்னாடியே நம்பர் எறங்குறது தெரியும்.

சோதிச்சு பாக்க பஃபர ஒரே அளவுல கட்டிப்போடலாம். 'பிடபிள்யூ-மெட்டாடேட்டா', ஸ்பேஸ், ஹைஃபன் என், ஸ்பேஸ், 'செட்டிங்ஸ்', ஸ்பேஸ், 0, ஸ்பேஸ், 'கிளாக்.ஃபோர்ஸ்-குவாண்டம்', ஸ்பேஸ், 2048. இத அடிச்ச நொடிலேந்து எல்லாம் 2048-ல ஓடும். ஒரு மணி நேரம் மீட்டிங் போட்டு பாருங்க, கரகரப்பு நின்னுடுச்சுன்னா காரணம் கெடச்சிருச்சு. கடைசி நம்பர 0 ஆக்கி திரும்ப அடிச்சா பழைய நெலமைக்கு வந்துரும், இல்ல ரீஸ்டார்ட் பண்ணாலும் போயிடும், அதனால பயமில்லாம செய்யலாம்.

அத நிரந்தரமா எப்படி வைக்கிறது?

2048-ல கட்டிப்போட வேணாம், குறைஞ்சபட்சத்த மட்டும் ஏத்துங்க. ஹோம் ஃபோல்டருக்குள்ள டாட் கான்ஃபிக், அதுக்குள்ள பைப்வயர், அதுக்குள்ள 'பைப்வயர்.கான்ஃப்.டி'ன்னு ஒரு ஃபோல்டர் போட்டு, அதுல டாட் கான்ஃப்னு முடியுற ஒரு ஃபைல். உள்ள 'கான்டெக்ஸ்ட்.ப்ராப்பர்டீஸ்' பிளாக்ல 'டிஃபால்ட்.கிளாக்.மின்-குவாண்டம்' சமம் 1024-ன்னு ஒரே ஒரு வரி. அப்புறம் சிஸ்டம்சிடிஎல், யூசர்ங்கற ஆப்ஷனோட, பைப்வயர், பைப்வயர்-பல்ஸ், வயர்பிளம்பர் (எந்த கார்டு எப்படி ஓடணும்னு பைப்வயருக்கு சொல்ற கூட்டாளி) மூணையும் ரீஸ்டார்ட் பண்ணுங்க. 512 போதும்னா 512 வைங்க, அதுல கரகரப்பு வந்தா மட்டும் ஏத்துங்க. யூஎஸ்ஆர் ஷேர்ல இருக்குற ஒரிஜினல் ஃபைல தயவுசெஞ்சு தொடாதீங்க, அடுத்த அப்டேட்ல எல்லாம் அழிஞ்சு போயிடும், அப்புறம் "அப்டேட் போட்டதும் திரும்ப வந்துருச்சு"ன்னு புதுசா ஒரு மர்மம் கெளம்பும்.

சிபியூ 10 சதவீதம் கூட ஓடல, அப்புறம் எப்படி லேட்டாகும்?

சராசரிய பாத்து ஏமாறாதீங்க. ஒரு செகண்டுல பத்துல ஒரு பங்குதான் வேலன்னாலும், அந்த ஒரு பங்கு சரியா தொட்டி காலியாகுற 21 மில்லிசெகண்டுக்குள்ள வந்து விழுந்துச்சுன்னா போச்சு. வேல எவ்வளவுங்கறத விட நேரத்துக்கு வந்தானாங்கறதுதான் இங்க கணக்கு.

லேட்டாக்குற ஆளுங்க யாரு யாருன்னா, மொதல்ல ரியல்டைம் முன்னுரிமை கெடைக்காதது. பைப்வயரோட வேலைக்கு மத்த எல்லா வேலைக்கும் முன்னாடி எடம் குடுக்கணும், அத வாங்கித் தர்றது ஆர்டிகிட்னு ஒரு சின்ன சர்வீஸ். ரொம்ப குறைச்சலா இன்ஸ்டால் பண்ண டிஸ்ட்ரோல சில நேரம் அது இருக்காது, ஜர்னல்சிடிஎல்னு லாக் காட்டுற கமாண்டுல பைப்வயர் லாக தெறந்தா ஆர்டிகிட் சம்பந்தமா குறை சொல்லி ஒரு வரி இருக்கும். பேக்கேஜ போட்டு லாகவுட் பண்ணி வந்தா சரி. அடுத்தது மெமரி, 4 ஜிபி ராம்ல முப்பது டேப் தெறந்து வச்சா ஸ்வாப்புக்கு (ராம் பத்தாதப்ப டிஸ்க்ல எடுத்துக்குற எடம்) போயி வரும், அந்த நேரம் எல்லாமே தடுமாறும், சவுண்டுலதான் மொதல்ல தெரியும் ஏன்னா காது கண்ண விட இதுல கறார். சூடு இன்னொண்ணு. மே மாசம் மத்தியானம் மட்டும் வருது, ராத்திரி வரலன்னா லேப்டாப் சூடாகி வேகத்த கொறைச்சுக்குதான்னு 'சென்சர்ஸ்' கமாண்டுல பாருங்க, ஃபேன்ல தூசி அடைச்சிருந்தா சுத்தம் பண்ணுங்க.

ஏஎம்டி ரைசன் மெஷின் வச்சிருக்கவங்களுக்கு தனியா ஒண்ணு. சவுண்டு மட்டும் இல்லாம மவுஸ், வீடியோ எல்லாமே சில மணி நேரத்துக்கு ஒரு தடவ ஒரு செகண்டு திக்கி, சவுண்டு அதே இடத்துல ட்ர்ர்ர்னு மாட்டிக்கிட்டு வருதுன்னா, அது எஃப்டிபிஎம் கோளாறா இருக்கலாம். மதர்போர்டு ஃபர்ம்வேர்ல இருக்குற பாதுகாப்பு பகுதி அது, அப்பப்ப ஃபிளாஷ் மெமரிய தொடும்போது மெஷினே நிக்கும். 2022-ல ஏஎம்டியே இத ஒத்துக்கிட்டு பயாஸ் அப்டேட் வழியா சரி பண்றதா சொன்னாங்க. கெர்னல் பக்கம் அந்த எஃப்டிபிஎம்கிட்ட ரேண்டம் நம்பர் கேக்குறத 6.5 வெர்ஷன்ல நிறுத்திட்டாங்க. அதனால பயாஸ், கெர்னல் ரெண்டையும் புதுசாக்குங்க, பைப்வயர்ல தேடாதீங்க.

பாட்டு ஆரம்பிக்கிறப்ப 'டப்'னு ஒரு சத்தம், நோட்டிஃபிகேஷன் டிங்குல மொத பாதி காணோம். இதுவும் எக்ஸ்ரனா?

இல்ல. சத்தம் இல்லாத நேரம் கார்டு தூங்கிடுது, எழுப்புறப்ப டப்புங்குது, எழுந்திரிக்கிற நேரத்துல டிங்கோட தலை வெட்டுப்படுது. ரெண்டு எடத்துல இந்த தூக்கம் இருக்கு. ஒண்ணு கெர்னல்ல, இன்டெல் எச்டிஏ டிரைவரோட 'பவர்_சேவ்'. சிஸ், மாட்யூல், எஸ்என்டி_எச்டிஏ_இன்டெல், பாராமீட்டர்ஸ்னு போனா அங்க அந்த ஃபைல் இருக்கும், உள்ள 0 தவிர வேற நம்பர் இருந்தா அத்தன செகண்டு கழிச்சு தூங்கும்னு அர்த்தம். ரூட்டா அத 0 ஆக்கி பாருங்க, உடனே தெரியும். நின்னுச்சுன்னா மோட்ப்ரோப்.டி ஃபோல்டர்ல ஒரு ஃபைல்ல அதே ஆப்ஷன எழுதிருங்க. டிஎல்பி மாதிரி பேட்டரி மிச்சம் பண்ற டூல் போட்டிருந்தீங்கன்னா அது உங்களுக்கு தெரியாம திரும்ப மாத்தும், அதுலயும் சவுண்டு பவர் சேவ 0 ஆக்கணும். சார்ஜர புடுங்குனா மட்டும் டப் வருதுன்னு சொல்றவங்களுக்கு அனேகமா இதுதான்.

இன்னொண்ணு வயர்பிளம்பர். அஞ்சு செகண்டு சத்தம் இல்லன்னா கார்ட சஸ்பெண்டு பண்ணிடும். 'செஷன்.சஸ்பெண்ட்-டைம்அவுட்-செகண்ட்ஸ்'ங்கறத உங்க கார்டுக்கு 0-ன்னு வச்சா தூங்காது. இதுல ஒரு கவனம், 2024-ல வந்த வயர்பிளம்பர் 0.5-ல செட்டிங் எழுதுற முறையே மாறிடுச்சு, முன்னாடி லுவா ஸ்க்ரிப்டு, இப்ப டாட் கான்ஃப் ஃபைல். பழைய லுவா ஃபைல அப்படியே விட்டு வச்சா புதுசு அத கண்டுக்காது.

வால்யூம் ஏத்துனா மட்டும் கிழியுது.

கிளிப்பிங். சவுண்டு செட்டிங்ல 100-க்கு மேல 150 வரைக்கும் ஏத்துற வசதி இருக்கே, அதான் மொத காரணம். 150 சதவீதம்னா 10 டெசிபெல்லுக்கு மேல கூட தள்ளுறீங்க, இப்ப வர்ற பாட்டெல்லாம் ஏற்கனவே உச்சத்துல முட்டுற மாதிரிதான் ரெக்கார்டு பண்ணிருக்காங்க, அதுக்கு மேல எடம் ஏது, அல மேல்பக்கம் வெட்டுப்படுது. 100-ல வச்சுட்டு ஸ்பீக்கர் பக்கம் ஏத்துங்க. இதுவும் அப்பப்ப வர்ற மாதிரிதான் தோணும், ஏன்னா சத்தமான பாட்டுல மட்டும் கிழியும், மெல்லிசா பாடுற பாட்டுல தெரியாது.

100-லயே கிழிஞ்சா 'அல்சாமிக்சர்' தெறந்து எஃப்6 அழுத்தி உங்க கார்ட தேர்ந்தெடுத்து மாஸ்டர், பிசிஎம், ஸ்பீக்கர் இதுல எதாவது 0 டெசிபெல்லுக்கு மேல போயிருக்கான்னு பாருங்க. ஈக்வலைசர் ஆப் போட்டு பேஸ ஏத்தி வச்சிருந்தாலும் இதே கதி, ஏத்துன அளவுக்கு ப்ரீஆம்ப கொறைக்கணும். மைக்ல உங்க குரல் எதிர்ல இருக்கவங்களுக்கு கிழிஞ்சு கேட்டா அதே அல்சாமிக்சர்ல எஃப்4 போட்டு மைக் பூஸ்ட பாருங்க, 30 டெசிபெல்ல நிக்கும் பாவம், 10-க்கோ 0-க்கோ எறக்குங்க.

ப்ளூடூத்ல விட்டு விட்டு வருது.

லேப்டாப்புல வைஃபையும் ப்ளூடூத்தும் பெரும்பாலும் ஒரே கார்டு, ஒரே ஆன்டெனா. வைஃபை 2.4-ல பெரிய டவுன்லோடு ஓடுனா ப்ளூடூத்துக்கு மூச்சு முட்டும். உங்க ரௌட்டர்ல 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தா லேப்டாப்ப அதுல மாத்துங்க, இந்த ஒரு வேலைல பாதி பேருக்கு தீர்ந்துடும். யூஎஸ்பி 3 கதைய மேலயே சொல்லிட்டேன். அப்புறம் கோடெக், அதாவது சவுண்ட சுருக்கி அனுப்புற முறை. எல்டாக் மாதிரி அதிக டேட்டா கேக்குற கோடெக்ல இருந்தா பாவுகண்ட்ரோல்ங்கற சவுண்டு செட்டிங் ஆப்புல ப்ரொஃபைல மாத்தி எஸ்பிசிலயோ ஏஏசிலயோ கேட்டு பாருங்க, தரம் கொஞ்சம் எறங்கும், அறுபடாம வரும். பேக்பேக்குல ஃபோன வச்சு நடக்குற மாதிரி லேப்டாப்புக்கும் உங்களுக்கும் நடுவுல உங்க உடம்பே இருந்தாலும் சிக்னல் கொறையும், தண்ணி நெறஞ்ச உடம்பு 2.4-அ நல்லா உறிஞ்சும்.

மீட்டிங்ல சேந்த உடனே ப்ளூடூத் சவுண்டு பழைய டெலிஃபோன் மாதிரி ஆயிடுது.

கோளாறே இல்ல, அதோட அமைப்பே அப்படி. பாட்டு கேக்குற ஏ2டிபி முறைல மைக் கெடையாது. மைக் வேணும்னா எச்எஃப்பி முறைக்கு மாறணும், அதுல சவுண்டு பெரும்பாலும் 8000 இல்ல 16000 ஹெர்ட்ஸ்தான். மைக்க லேப்டாப்புல இருக்குறதா தேர்ந்தெடுத்துட்டு வயர்பிளம்பர்ல ஹெட்செட் ப்ரொஃபைலுக்கு தானா மாறுற வசதிய நிறுத்திட்டா பாட்டு தரத்துலயே மீட்டிங் கேக்கலாம்.

யூஎஸ்பி டிஏசி (வெளில சொருகுற சவுண்டு கார்டு) வாங்குனேன், அதுல படபடங்குது. காசு வீணா?

அவசரப்படாதீங்க. ஹப்புல சொருகிருந்தா கழட்டி நேரா மெஷின்ல சொருகுங்க, அதுவும் வெப்கேம், டிஸ்க் இல்லாத பக்கத்துல. கேபிள மாத்துங்க, கேபிள்தான் நான் பாத்ததுல ரொம்ப அடிக்கடி மாட்டுறது. அப்பயும் வந்தா அந்த டிஏசிக்கு வயர்பிளம்பர்ல 'ஏபிஐ.அல்சா.ஹெட்ரூம்' 1024-ன்னு வைங்க, அதாவது தொட்டி அடிமட்டத்துல கொஞ்சம் தண்ணி எப்பவும் மிச்சம் இருக்கட்டும்னு சொல்றது. பல யூஎஸ்பி கார்டு எவ்வளவு படிச்சிருக்கேன்னு கொஞ்சம் தாமதமாத்தான் சொல்லும், இது அத தாங்கிக்கும். ஒரு பாட்டுலேந்து அடுத்த பாட்டுக்கு போறப்ப மட்டும் க்ளிக் கேட்டா 44100-க்கும் 48000-க்கும் கார்டு மாறி மாறி குதிக்குதான்னு பாருங்க, அனுமதிச்ச ரேட்ட ஒண்ணே ஒண்ணா வச்சா நிக்கும்.

சார்ஜர் சொருகுனா கொர்ர்னு கேக்குது, புடுங்குனா நிக்குது.

இது எர்த்து. ஸ்பீக்கர் ஒரு ப்ளக்லயும் லேப்டாப் வேற ப்ளக்லயும் இருந்தா ரெண்டு எர்த்துக்கும் நடுவுல சின்னதா கரண்டு ஓடி ஆடியோ ஒயர் வழியா உங்க காதுக்கு வருது. ரெண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல போட்டு பாருங்க. மூணு பின் ப்ளக்கோட எர்த்து பின்ன ஒடிச்சுட்டு ரெண்டு பின்னா சொருகுறத மட்டும் செய்யாதீங்க, சத்தம் போகும், ஆனா ஷாக் அடிச்சா காப்பாத்துறதுக்கு இருந்த ஒரே வழியையும் அடைச்சுடுறீங்க. பழைய வீட்டுல சாக்கெட்டுக்கு எர்த்தே இழுத்துருக்க மாட்டாங்க, எலக்ட்ரீஷியன கூப்பிட்டு பாருங்க. சவுண்டுக்கு மட்டும் வழி வேணும்னா ஒயருக்கு நடுவுல போடுற கிரவுண்டு லூப் ஐசொலேட்டர் கெடைக்குது.

இன்னும் பல்ஸ்ஆடியோதான் வச்சிருக்கேன்.

'டீஷெட்' (டி, எஸ், சி, எச், இ, டி) சமம் 0, அவ்வளவுதான். ஈடிசி, பல்ஸ், டிஃபால்ட் டாட் பிஏ ஃபைல்ல 'மாட்யூல்-யூடெவ்-டிடெக்ட்' ஏத்துற வரியோட கடைசில சேத்துட்டு 'பல்ஸ்ஆடியோ ஹைஃபன் கே' போட்டா திரும்ப எழுந்துக்கும். டைமர நம்பி பஃபர ரொப்புறத விட்டுட்டு கார்டு தர்ற இன்டரப்ட நம்பி ரொப்பும், பழைய கார்டு நெறைய இதுல சரியாயிடுச்சு. சரியாகலன்னா பைப்வயருக்கு மாறிடுங்க.

வைன்ல (விண்டோஸ் ஆப்ப லினக்ஸ்ல ஓட்டுறது) ஓடுற கேம், விர்ச்சுவல் மெஷின் இதுல மட்டும் வருது.

கேம்னா அத ஆரம்பிக்கிறப்ப 'பல்ஸ்_லேட்டன்சி_எம்செக்'ங்கற என்விரான்மென்ட் வேரியபிள 60-ன்னு குடுத்து ஓட்டுங்க, பைப்வயர்லயும் வேல செய்யும். விர்ச்சுவல் மெஷினுக்குள்ள கடிகாரமே சீரா ஓடாது, அதனால சின்ன பஃபர் அங்க ஆசப்பட முடியாது. பாட்டு கேக்குறத வெளி மெஷின்லயே வச்சுக்கங்க.

நான் பாட்டு ரெக்கார்டு பண்றேன், பெரிய பஃபர் வச்சா கேக்க லேட்டாகுதே?

பாடும்போது 128, மிக்ஸ் பண்ணும்போது 1024, ரெண்டுக்கும் ஒரே நம்பர் வைக்காதீங்க. 128-ல தாங்கலன்னா ப்ராசசர் கவர்னர (வேகத்த தீர்மானிக்கிற செட்டிங்) பெர்ஃபாமன்ஸ்ல வைங்க, கெர்னல் பூட் ஆப்ஷன்ல 'ப்ரீஎம்ப்ட்' சமம் 'ஃபுல்' போடுங்க. முன்னாடி தனியா பேட்ச் போட வேண்டியிருந்த ரியல்டைம் கெர்னல் 2024-ல வந்த 6.12-லேந்து மெயின் கெர்னலுக்குள்ளயே வந்துருச்சு, இருவது வருஷ உழைப்பு அது, ஆனா அதுக்கு போறதுக்கு முன்னாடி இது ரெண்டயும் பாத்துடுங்க, பெரும்பாலும் இதுலயே முடிஞ்சிரும்.

மொத்தமா அழிச்சுட்டு திரும்ப இன்ஸ்டால் பண்ணிடவா?

வேணாம், அதுக்கு முன்னாடி பென்டிரைவ்ல லைவ்வா வேற ஒரு டிஸ்ட்ரோவ பூட் பண்ணி, உங்களுக்கு எந்த வேலைல கரகரப்பு வருதோ அதே வேலைய ஒரு மணி நேரம் செய்யுங்க. அங்கயும் வந்துச்சுன்னா திரும்ப இன்ஸ்டால் பண்ணி ஒரு பிரயோஜனமும் இல்ல. கெர்னல் இல்ல ஹார்டுவேர். அதே ஸ்பீக்கர ஃபோன்ல சொருகி பாருங்க, அங்கயும் கிழிஞ்சா ஸ்பீக்கர் பேப்பர் கிழிஞ்சிருக்கலாம். ஜாக்க விரலால மெல்ல திருகி பாருங்க, திருகுறப்ப கரகரன்னா ஜாக்குல அழுக்கு. லைவ்ல சுத்தமா இருந்தா உங்க கான்ஃபிக்தான், ஹோம்ல இருக்குற பைப்வயர், வயர்பிளம்பர் ஃபோல்டர் ரெண்டையும் பேர மாத்தி வச்சுட்டு லாகவுட் பண்ணி வாங்க, அழிக்க வேணாம். சில வருஷத்துக்கு முன்னாடி எழுதி மறந்த ஒரு வரி அங்க உக்காந்துருக்கும்.

எல்லாம் பாத்தாச்சு, இன்னும் வருது. உதவி கேக்கும்போது என்ன சொல்லணும்?

டிஸ்ட்ரோ வெர்ஷன், கெர்னல் நம்பர், பைப்வயர் வெர்ஷன், எந்த சவுண்டு கார்டு ('ஏபிளே ஹைஃபன் எல்' சொல்லும்). இதெல்லாம் எல்லாரும் குடுக்குறதுதான். இது கூட கரகரப்பு வந்த அந்த நிமிஷத்தோட லாக் வேணும், அத யாரும் குடுக்குறதில்ல. சத்தம் கேட்ட உடனே மணிய பாருங்க, அப்புறம் ஜர்னல்சிடிஎல்ல அந்த நிமிஷத்துக்கு முன்னாடி பின்னாடி ரெண்டு நிமிஷம் மட்டும் வெட்டி எடுங்க, கெர்னல் லாகும் சேத்து. பூட் ஆனதுலேந்து உள்ள பத்தாயிரம் வரிய ஒட்டுனா படிக்கிறவங்களுக்கும் கஷ்டம். கூடவே பிடபிள்யூ-டாப் ஸ்க்ரீன்ஷாட் ரெண்டு, கரகரப்புக்கு முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு, அப்புறம் ஃபோன்ல அந்த சத்தத்த பத்து செகண்டு ரெக்கார்டு பண்ணி சேத்து வைங்க, எழுத்துல "கரகர"ன்னு படிக்கிறதுக்கும் காதுல கேக்குறதுக்கும் ரொம்ப வித்தியாசம் இருக்கு.